ராசியில்லாத கை

“நடுக்குழியில தண்ணி நிக்கணும், ஆர்டிஸ். வேர்ல ஊத்தி அழுக வெச்சுடாதே. உனக்குக் கைராசிதான் இல்ல, இதையாவது ஒழுங்காப் பண்ணுடி” என்று வீட்டுச் சாவியை நீட்டினாள் லவோன்.

மினசோட்டாவில் பனி கொட்டத் தொடங்கினால் லவோன் புளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவாள். வெயில் தேடிப் போகிறவர்களின் செடிகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். அது அந்தத் தெருவின் வழக்கம்.

சாவியை வாங்கும்போதே ஆர்டிஸுக்கு வயிறு எரிந்தது. ஏப்ரல் மாதக் கண்காட்சிக்கு மலர் மன்றத்துப் பெண்கள் அத்தனை பேரும் பூத்த புரோமிலியாட் செடியோடு வந்து நிற்பார்கள். அன்னாசிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் அது. வீட்டுக்குள்ளேயே செக்கச்செவேலென்று பூக்கும். ஆர்டிஸின் செடி இலையை மட்டும் பளபளவென்று வளர்த்துக்கொண்டிருந்தது. நான்கு வருடமாகப் பூ என்ற பேச்சே இல்லை. “பாவம், ராசியில்லாத கை” என்று லவோன் ஊர் முன்னால் உச்சுக்கொட்டுவாள். உச்சுக்கொட்டிவிட்டு முதல் பரிசுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

இந்த வருடமும் அவளுக்கேவா? பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்த ரோஜாக்கொத்து சீக்கிரமே வாடிப்போனதை ஆர்டிஸ் பார்த்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒருநாள், கனிந்த ஆப்பிள் ஒன்றைக் கொண்டுபோய் லவோனின் செடித்தொட்டியில் வைத்தாள். பிளாஸ்டிக் பையால் செடியை மூடி இறுகக் கட்டினாள். வாடிச் சாகட்டும் சனியன். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. போனில் லவோன் விசாரித்தபோதெல்லாம் செடி ஜோராக இருப்பதாகப் புளுகினாள்.

கண்காட்சி நெருங்கியபோது லவோன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, உடனே வரச்சொல்லி ஆளனுப்பினாள். குளிர் தாங்காமல் செத்துவிட்டது என்று சொல்ல ஆர்டிஸ் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு போனாள்.

மேசைமேல் பை கிழிந்து கிடந்தது. செடியின் நடுவிலிருந்து அகலமாக ஒரு சிவப்புப் பூ எழுந்து நின்றது. கெடுக்கப் போனது லவோனுக்கு வாழ்வாகிவிட்டதே!

லவோனின் முகத்திலோ சிரிப்பே இல்லை. சுருங்கிப்போன ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தாள்.

“பழுத்த ஆப்பிளோட கட்டி வெச்சா பூக்கும்னு உனக்கு யாருடி சொன்னது? உன் செடி பூத்தா எங்க யாருக்கும் கோப்பை கிடைக்காதுன்னுதானே, உன்கிட்ட மட்டும் மூச்சுவிடக் கூடாதுன்னு மன்றத்துல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தேன்!”