காலண்டரில் இருந்த படிக்கட்டு

"சார், மழைன்னு வராம இருந்துடுவீங்களோன்னு பயந்தேன். உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன்."

புடாபெஸ்ட் சதுக்கத்தில் மஞ்சள் குடையோடு நின்றவரிடம் டாரா ஓடினாள். மஞ்சள் குடை பிடித்திருப்பவர்தான் வழிகாட்டி என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். முதுகுப் பையிலிருந்து காலண்டர் படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஆற்றை நோக்கி இறங்கும் படிக்கட்டு. பக்கத்தில் ஒரு கல் சிங்கம்.

"அமெரிக்காவுல, எங்க ஊர் நெப்ராஸ்காவுல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. நாப்பது வருஷமா இந்தப் படத்தைப் பார்த்தே ஏங்கினாங்க. காலையிலிருந்து தேடுறேன், ஒரே மழை, மூடுபனி. இந்த ஊருக்கா இவ்வளவு ஆசைன்னு வெறுத்துப்போச்சு. ராத்திரி எனக்கு ரயில்."

அவர் படத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

"தொலைஞ்சதைத் தேடித் தர்ற அந்தோனியாரை வேண்டிக்கிட்டு வாம்மா. தேடுவோம்."

மூன்று மணி நேரம் ஏறி இறங்கினார்கள். கடைக்குக் கடை படத்தைக் காட்டி விசாரித்தார். சூடான ரொட்டி வாங்கி, பெரிய பாதியை அவளிடம் தந்தார்.

"இதெல்லாம் எந்த ராஜா கட்டினதுன்னு மட்டும் கேட்டுடாதே" என்று சிரித்தார்.

இருட்டத் தொடங்கியது. படிக்கட்டு கிடைக்கவில்லை.

"இந்த ஊர்ல எத்தனை வருஷமா வழிகாட்டியா இருக்கீங்க?" என்று டாரா கேட்டாள்.

"நான் லிஸ்பன்காரன்மா. இன்னிக்குக் காலையிலதான் ஊர் பார்க்க வந்தேன். டிராமுக்கு நின்னேன். நம்பி வந்தேன்னு சொன்னே, இல்லேன்னு சொல்ல மனசு வரலை."

அப்போது அவள் போன் ஒலித்தது.

"படிக்கட்டு கிடைச்சுதா கண்ணு?" என்றாள் அம்மா.

டாரா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லம்மா. ரெண்டு பேரா தேடிட்டிருக்கோம்."