சின்னக் கப்பல்

மேசைமேல் இரண்டு கையேடுகளைப் பரப்பிவிட்டு, டிராவல்ஸ் பெண் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"ஐரோப்பால ரெண்டுமே ஒரே ஆத்துலதான் போகுது சார், ஒரே ஊருங்கதான். கப்பல் மட்டும்தான் வேற. உங்க இஷ்டம்."

"எங்க இஷ்டம்னு ஒண்ணும் கிடையாதும்மா. சீட்டு என்ன சொல்லுதோ அதான்" என்று சிரித்தபடி, கணவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டுக் காகிதங்களை எடுத்தார். ஒன்றைப் பக்கத்தில் இருந்த மனைவியிடம் தள்ளினார்.



கல்யாணமான முதல் மாதத்தில் தொடங்கிய வழக்கம் அது. திரைச்சீலையின் நிறத்திலிருந்து மகளின் பள்ளிக்கூடம்வரை எல்லாம் சீட்டில்தான் முடிவானது. ஆளுக்கொன்று மறைத்து எழுத வேண்டும். ஒன்றாகப் பிரிக்க வேண்டும். ஒத்துப்போனால் பேச்சே இல்லை. ஒத்துப்போகாவிட்டால் இருவரும் காரணம் சொல்லியாக வேண்டும்.

பொய்க் காரணம் மட்டும் கூடாது.

முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்த விதியை மீறியதில்லை.

நீல அட்டையில் இருந்தது பெரிய கப்பல். மூன்று தளங்கள், தொண்ணூறு கேபின்கள், மேல்தளத்தில் நீச்சல் குளம். அதன் படம் ஆறு மாதமாக அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பல் தேய்க்கும்போதுகூட அவர் அதன்முன் போய் நின்றுகொள்வார். அவர் சீட்டில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் வேண்டியதில்லை.

அவள் கையேட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது.

நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாம் ஒரே பழுப்பு.

உள்ளங்கை வியர்த்தது.

நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வரைபடம் வரைந்தவள் அவள். "இவளைக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டாலும், எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வெச்சிருப்பா" என்று அவர் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் இரண்டு மாதத்துக்கு முன், காய்கறிப் பையோடு தன் மாடியிலேயே திகைத்து நின்றாள். நான்கு கதவுகள். எது தன்னுடையது? மூன்றாவதில் சாவியைப் போட்டுத் திருகினாள். உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுக்காரர் "யாரது?" என்றார்.

அடுத்த வாரமும் அதே கதை.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் முதலில் இந்தப் பயணம் போகும். பிறகு தனியாகக் கடைக்குப் போவது போகும். அப்புறம் அடுப்பு. கடைசியில் வீட்டுச் சாவி.

நல்லவேளையாக, அதற்குச் சில நாட்களில் அவரே கதவுக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டினார். கூரியர்காரன் தினமும் தப்பான வீட்டு மணியை அடிக்கிறான் என்றார். அவரை அறியாமல் அவர் கட்டிய அந்த நாடாதான் அன்றிலிருந்து அவளைக் கரைசேர்த்துக்கொண்டிருக்கிறது.

பச்சை அட்டையில் இருந்தது சின்னக் கப்பல். ஒரே தளம், பன்னிரண்டு கேபின்கள், ஒற்றை நடைவழி. இந்தக் கோடிக்குப் போனால் சாப்பாட்டு அறை. அந்தக் கோடிக்குப் போனால் தண்ணீர். தொலைந்துபோக இடமே இல்லை.

நீலம் என்று எழுதினால் பத்து நாள், தொண்ணூறு கதவுகள்.

பச்சை என்று எழுதினால் காரணம்.

"பரீட்சை ஹால் மாதிரி இருக்கே!" என்றாள் டிராவல்ஸ் பெண்.

"எட்டிப் பார்க்காதே, காப்பியடிப்பே" என்று மனைவியைச் சீண்டியபடி அவர் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். பேனாவை எடுத்தவர் யோசிக்கவேயில்லை. ஒரே ஒரு வார்த்தை. மடித்துவிட்டார்.

அவள் பேனாவோ காகிதத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அங்கேயே நின்றது. தலைசுற்றும் என்று சொல்லலாமா? ஆற்றில் போகிற கப்பல் தொட்டில் அளவுக்குக்கூட ஆடாது என்று மகளுக்கு விளக்கியதே அவள்தான். கூட்டம் பிடிக்காது என்று சொல்லலாமா? கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை இருந்துவிட்டு வருகிறவள் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

எழுதினாள். பச்சை.



"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார் அவர்.

இரண்டு சீட்டுகளும் பிரிந்தன.

அவருடையதிலும் பச்சை.

அவள் அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. காரணம் கேட்க வழியில்லை. விதி விதிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னங்க, உங்க நீச்சல் குளம்?"

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு நேத்துதான் ஞாபகம் வந்துச்சு."

டிராவல்ஸ் பெண் கலகலவென்று சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தாள். பெயர், வயது, கேபின் எண்ணெல்லாம் எழுதி முடித்தாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா சார்?"

அவர் கையேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஏம்மா, அந்தக் கேபின் கைப்பிடில ஒரு நாடா கட்டிக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"நாடாவா? எதுக்கு சார்?"

மேசைக்கடியில் அவர் கை தட்டுத்தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் கையைவிட அதுதான் அதிகமாக வியர்த்திருந்தது.

அவர்கள் குடியிருப்பில் கூரியர்காரர்கள் மாடியேறி வருவதேயில்லை. பொட்டலங்களைக் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் என்றைக்குமே வழக்கம்.