இரண்டடிப் பூர்வீகம்

"தலவாசல் ஒசரம் பத்தல. இடிச்சிட்டு வேற வையி" என்றார் பூமிநாதன்.

சுகந்தி தலைவாசலை நிலையோடு பெயர்த்தெடுத்து, தூசியை ஊதி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கால் இஞ்சு கூட்டுனாப் போதுமாங்கய்யா?"

"அரை இஞ்சாக் கூட்டு. எங்க பூட்டையா யாருக்கும் குனிஞ்சவுக இல்ல."

நரிக்குடிப் பக்கம் நாற்பது ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் பூமிநாதனிடம் எல்லாம் இருந்தது. பழம்பெருமை ஒன்றுதான் கையிருப்பில் இல்லை. மகன் மாரிசெல்வத்துக்கு அருப்புக்கோட்டையில் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அப்பா காபிக்கு நடுவே, "இந்த வீடு கட்டி நூத்தம்பது வருசமாச்சு" என்று சொல்லித் தொலைத்தார். பூமிநாதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுது இருநூறு" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்தால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. இருக்கிற வீடோ பதினோரு வருஷத்துக் காங்கிரீட் தார்சு வீடு. இந்தச் சம்பந்தமும் கை நழுவினால் மாரிசெல்வத்துக்கு இது ஒன்பதாவது; பையனுக்கு முன்தலையில் முடி வேறு நிற்க மாட்டேன் என்கிறது.

ஆக, பூர்வீக வீட்டைப் பொம்மையாகவாவது கண்ணில் காட்டிவிடுவது என்று முடிவானது. கல்யாண வீடுகளுக்குச் சீர்த்தட்டு ஜோடித்துக் கொடுக்கும் பாளையம்பட்டி சுகந்தியை வரவழைத்தார்கள்.

ஆதாரம் என்று இருந்தது ஒரே ஒரு போட்டோ. பரண்மேல் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பூட்டன் விறைப்பாக நிற்கிறார். இரண்டு பக்கமும் தலைப்பாகை கட்டிய இரண்டு ஆட்கள். பின்னால் கருங்கல் தூணும் கனத்த கதவுமாக ஒரு மாளிகை.

"பாத்தியா? அவுக வெளிய கெளம்புனா ரெண்டாளு கூடவே போகுமாம். தனியா விட்டதே இல்லையாம்" என்றார் பூமிநாதன்.

அந்த வீடு எங்கே இருந்தது, என்ன ஆனது என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை. அது ஒரு வசதி.

"உள்ள ஒரு ஊஞ்சல் போடு தாயி."

"போட்டோவுல ஊஞ்சல் இல்லீங்களே."

"போட்டோ வெளிய நின்னுல்ல எடுத்திருக்கான். ஊஞ்சல் எப்படித் தெரியும்?"

அவர் மனைவி தங்கலட்சுமி முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே சொன்னாள். "அப்படியே வாசல்ல ஒரு யானையையும் கட்டச் சொல்லுங்க. உங்க வகையறாவுல சைக்கிளுக்கு மேல எவரும் ஏறி நான் பாத்ததில்ல."

பூமிநாதன் அதை நிஜமாகவே யோசித்தார். "யானை வேணாம். நம்ப மாட்டாக. குதிரை வண்டி வையி."

சுகந்தி போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "அய்யா, தாழ்ப்பாளு கதவுக்கு வெளிப்பக்கம்ல இருக்கு? உள்பக்கமா மாத்திரட்டுமா?"

"தொடாத! ஊருக்குப் போறப்ப வெளிய பூட்ட வேணாமா? எம்புட்டுச் சொத்து கெடந்திருக்கும் உள்ள! போட்டோவுல எப்படியோ அப்படித்தான் இருக்கணும். பூர்வீகத்துல கை வைக்கக் கூடாது."

சுகந்தி அவரை ஒருமுறை பார்த்தாள், குதிரை வண்டியை ஒருமுறை பார்த்தாள். பசையைத் தொட்டுத் தாழ்ப்பாளை வெளியிலேயே ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூடத்து நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சீரியல் லைட்டு மினுமினுக்க நின்றது வீடு. வாழைப்பழச் சீப்பையும் வெற்றிலையையும் தவிர மற்ற எல்லாருமே அதைச் சுற்றி நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பா பெட்டியை இரண்டு சுற்று வந்தார். "நம்ம வீட்டவிட மூத்ததுதான்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்புக்கொண்டார். மாரிசெல்வம் முதல்முறையாகத் தலைமுடியைத் தடவாமல் சிரித்தான்.

"அப்ப தட்ட மாத்திருவமா?" என்றாள் தங்கலட்சுமி.

"எம் மச்சினன் ஒரு வார்த்த சொல்லிட்டா மாத்திருவோம்" என்றார் பெண்ணின் அப்பா.

மச்சினன் முனீஸ்வரன், பெண்ணின் தாய்மாமன். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். இப்போது எழுந்துவந்து, கண்ணாடியை மாட்டி, பெட்டிமேல் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"ஆத்தாடி! அதே தூணு, அதே முகப்பு!" முனீஸ்வரன் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. "இங்கதான சம்மந்தி எனக்கு முப்பது வருசமும் டூட்டி!"

பூமிநாதனுக்குப் புல்லரித்தது. "எங்க பூட்டையா இருந்த எடத்துலயா? கவர்மெண்டே வந்து ஆபீசு போடுற மாதிரி வீடுய்யா அது!" பெண்ணின் அப்பாவை அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் இருநூறு வருஷம் முந்நூறு ஆகியிருந்தது.

"உங்க பூட்டனாரு இங்கயா இருந்தாக?" முனீஸ்வரன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விட்டுப்போன சொந்தத்தை விசாரிக்கிற வாஞ்சையோடு கேட்டார்.

"எந்தக் கேசுல உள்ள போட்டாக?"