உறுதிமொழிக் கடிதம்

“மைக்ரேஷன் சர்டிபிகேட் எங்கே?” மருத்துவக் கல்லூரி சேர்க்கை அதிகாரி, கோப்பை மூன்றாவது முறையாகப் புரட்டினார்.

எதிரே மகளோடு நின்ற தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு மாநிலத்தில் படித்த பிள்ளைகள் மட்டும் கொண்டுவர வேண்டிய சான்றிதழ் அது. கசங்கிவிடக் கூடாதே என்று, கடையில் துணி வெட்டும் மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். இப்போதும் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. இங்கிருந்து ஒன்றரை நாள் ரயில் பயணம்.

“ஊர்ல இருக்கு சார். கசங்கிடக் கூடாதேன்னு…”

“கசங்காம இருந்து என்ன பிரயோஜனம்? வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு சீட்தான் மிச்சம். அரை மணி நேரம் தரேன். இல்லைன்னா ரேங்க்ல அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.”

மகள் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்த பிள்ளை. பொத்தான் துளையில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனிதர், ஆயுசில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலையில் கோட்டை விட்டுவிட்டார்.

தலையில் கைவைத்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி அம்மா அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பின்வரிசைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, இதுக்குப் போய் ஏன் இடிஞ்சு போய் உக்காந்துட்டீங்க? சேர்க்கைக் கையேட்டுல கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல ஒரு விதி இருக்கு. பதினஞ்சு நாள்ல கொண்டு வந்து தரேன்னு அப்பாவும் பொண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டா, அவங்க ஏத்துக்கணும். அவங்களா சொல்ல மாட்டாங்க. நாமதான் கேக்கணும்.”

“நிஜமாவாம்மா?”

அந்த அம்மா தன் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை.

“கையெழுத்து கோணிக்கிட்டுப் போகுதும்மா.”

“அளவெடுத்து வெட்டுற கைதானே? நேரா போடுங்க.” அந்த அம்மா, தையல்காரரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த அளவு நாடாவைக் காட்டிச் சிரித்தார்.

“நீங்க இந்த ஆபீஸ்லயாம்மா வேலை பாக்குறீங்க?”

“இல்லண்ணே. போன வருஷமும் வந்திருந்தேன். அப்போ தெரிஞ்சுக்கிட்டது.”

அதிகாரி கடிதத்தைப் படித்தார். கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். கொஞ்ச நேரம் முனகினார். பிறகு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

“சீட் உங்க பொண்ணுக்குத்தான். போய்ட்டு வாங்க, டாக்டரம்மா!”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தையல்காரர் ஓட்டமும் நடையுமாக முன்வரிசைக்கு வந்து, அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா. உங்க வீட்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இனிமே எம் பொண்ணுதான் பாக்கணும்.”

“அதுக்காகக் காய்ச்சலை வரவழைக்கச் சொல்றீங்களாண்ணே?”

மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது. “வெளிமாநிலம், அடுத்த ரேங்க்! சீட் முடிஞ்சிருச்சு. காத்திருப்போர் பட்டியல்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்.”

பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் கோப்போடு எழுந்து வந்தாள். அந்த அம்மாவும் எழுந்து அவள் தோளில் கைவைத்தார்.

தையல்காரருக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. “அம்மா… நீங்க பேசாம இருந்திருந்தா உங்க பொண்ணுக்கு…”

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்.

“போன வருஷம் இதே சர்டிபிகேட் இல்லாம நான் நின்னேன் மாமா. பக்கத்துல இருந்தவர், தன் பையனுக்கு அந்த சீட் கிடைச்சதுக்கப்புறம்தான் இப்படி ஒரு விதி இருக்குன்னு எங்ககிட்ட சொன்னார்.”