பூட்டப்படாத வரி

“திறவடா லக்சன். உவள் சட்டத்தரணிக்கு என்ன எழுதினவள் எண்டு எனக்கு இப்பவே தெரியவேணும்.”

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் நடராசாவின் குரல் கந்தோர் முழுவதையும் நிறைத்தது. அவருடைய வீட்டிலேயே வளர்ந்த மருமகன் லக்சன் கணினியின் முன் அமர்ந்தான். எழுதுவினைஞர் ஆரபி கதவோரம் நிறுத்தப்பட்டிருந்தாள்.

தவறு அவளுடையதுதான். தன் சொந்த மின்னஞ்சலைச் சங்கத்துக் கணினியில் திறந்தவள், அதை மூட மறந்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது சட்டத்தரணி ஜெனிற்றா தலைப்பில்லாமல் அனுப்பிய ஒற்றைச் சொல் திரையில் நின்றது: கிடைத்தது.

எது கிடைத்தது என்பதைத் தலைவர் ஊகித்துவிட்டார்.

இறால் பண்ணைக்குக் கரையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற குடும்பங்களின் களங்கண்ணி வலைகள் போன மாதம் எரிந்து சாம்பலாயின. பண்ணையின் பக்கம் நிற்கும் தலைவரின் வேலை அது என்பது கரை முழுவதற்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பது வேறு, என் கண்ணால் கண்டேன் என்பது வேறு. கண்டேன் என்று சொல்ல அத்தனை பேர் வாழும் ஊரில் ஒரே ஒருவர் முன்வந்தார்.

அந்த வாக்குமூலத்தைத் தட்டெழுதி, அந்தக் குடும்பங்களுக்காக வாதாடும் ஜெனிற்றாவுக்கு அனுப்பியவள் ஆரபி. கண்டவரின் பெயர் இன்று வெளிப்பட்டால், அடுத்ததாக எரியப்போவது வலையாக இராது.

அவள் அதைப் பூட்டித்தான் அனுப்பியிருந்தாள். மறைகுறியாக்கம் என்று ஜெனிற்றா கற்றுக்கொடுத்த முறை அது. பூட்டுவதற்கு எவராலும் முடியும். திறக்கும் சாவியோ பெறுபவரிடம் மட்டுமே இருக்கும். பூட்டியவளே கெஞ்சினாலும் அது திறக்காது. அடித்துக் கேட்டாலும் அவளிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் அவளுடைய பயம் வேறோர் இடத்தில் இருந்தது.

ஜெனிற்றா ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். உள்ளே எழுதுவதுதான் பூட்டப்படும். மேலே எழுதும் தலைப்பு திறந்தபடியே போகும், அதை எவரும் வாசிக்கலாம்.

கந்தோர்க் கடிதத்தின் தலைப்பில் யாருடைய விடயமோ அவருடைய பெயரை எழுதுவது ஆரபியின் பல்லாண்டுப் பழக்கம். அன்று, அந்தப் பதற்றத்தில், விரல்கள் என்ன எழுதின? எத்தனை முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

“அக்கா பெரிய உளவாளிதான், மாமா,” என்று சிரித்தான் லக்சன். சிரிப்பு உரத்துக் கேட்டது. சுட்டி மட்டும் சேற்றில் நடப்பதுபோல் மெல்ல நகர்ந்தது.

ஆரபி அவனைப் பார்க்கவில்லை. நிலத்தில் ஊன்றிய கண்களை உயர்த்தக்கூடாதென்று பற்களைக் கடித்துக்கொண்டாள்.

அஞ்சல் திறந்தது.

நெத்தலிக் கருவாட்டைச் சாக்கோடு கவிழ்த்துக் கொட்டியதுபோல், எழுத்துகளும் இலக்கங்களும் ஒரு பொருளும் இன்றித் திரை முழுவதும் சிதறிக் கிடந்தன.

“என்னடா கோதாரி இது?”

“பூட்டியிருக்கு மாமா. உடைக்கேலாது.”

“மெயில் கொம்பனிக்காறரைக் கேட்டால்?”

“அவங்களாலையும் ஏலாது.”

“அப்ப மேலை ஏதோ தமிழிலை கிடக்கு. அதை வாசி.”

லக்சன் வாசிக்கவில்லை. திரையைச் சட்டைக் கையால் துடைக்கத் தொடங்கினான். பொறுமை இழந்த தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாமே குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

“சி... வ... ம... யம்.”

ஆரபியின் உடம்பிலிருந்து ஒரு பெரும் பாரம் இறங்கிற்று. சிவமயம் என்று தலையில் இடாமல் எந்தக் கடிதத்தையும் தொடங்க அவளுடைய அப்பா விட்டதில்லை. வாழ்நாளிலேயே மிகப் பாரமான கடிதத்தை எழுத அமர்ந்தபோது, கந்தோர் பழக்கிய பழக்கத்தை வீடு பழக்கிய பழக்கம் வென்றிருந்தது.

“சிலுவை போட்ட வேதக்காறப் பொம்பிளைக்குச் சிவமயம் போட்டு எழுதியிருக்கிறாள், விசரி,” என்றார் தலைவர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “உள்ளுக்கை என்ன எழுதினனீ?”

“என்ரை காணி அலுவல், ஐயா.”

அவர் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

“நாளையிலையிருந்து உனக்கு இஞ்சை வேலையில்லை,” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

வேலை போயிற்று. ஆரபிக்கு மூச்சு வந்தது.

வாசலில் தலைவரின் மோட்டார் சைக்கிள் உறுமியது; ஒழுங்கையைக் கடந்து அந்த ஒலி தேயும்வரை உள்ளே இருந்த இருவரும் அசையவில்லை. பிறகு லக்சன் அவளுடைய மின்னஞ்சலைத் தானே மூடினான். இரண்டு முறை தவறவிட்டுத்தான் மூடினான்.

“மேலை என்ரை பேரைப் போட்டிருப்பியள் எண்டுதான் பயந்தனான், அக்கா,” என்றான்.