வாடிக்கைக்காரி

ஜெயசித்ரா கூடையோடு பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினாள். தக்காளிக் குவியல் பக்கம் நின்றிருந்தது வெள்ளைத்தாயேதான். யார் யார் இங்கே வருகிறார்கள் என்று நோட்டம் பார்க்க வந்திருக்கிறாள் போல.

வெள்ளைத்தாய் ஜெயசித்ராவின் தெருமுனையில் காய்கறிக்கடை போட்டிருப்பவள். ராஜபாளையத்தில் இந்த சூப்பர் மார்க்கெட் திறந்ததிலிருந்து தெருவில் பாதிப் பேர் அவளிடம் நிற்பதில்லை. "நீயும் போயிட்டா நான் கடைய எடுத்துற வேண்டியதுதான் தாயி" என்று போன வாரம்தான் சொன்னாள். "நான் எங்கக்கா போகப் போறேன்" என்றிருந்தாள் ஜெயசித்ரா.

பேண்டேஜ் கம்பெனியில் பகல் முழுக்க நின்ற கால் கடுத்தது. கூடையிலிருந்த தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு நழுவிவிடலாம் என்று தலையைக் குனிந்தபடி நடந்தாள். எதிரே வெள்ளைத்தாயின் சேலை தெரிந்தது.

"ஏட்டி, என்ன ஒளிஞ்சு ஒளிஞ்சு போற?"

"சோப்பு வாங்க வந்தேங்க்கா."

வெள்ளைத்தாய் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "சோப்பு நல்லாத்தான் செவந்துருக்கு."

ஜெயசித்ராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இங்க வெல கொறச்சல்னு வந்துட்டேங்க்கா. என்ன இருந்தாலும் ஒங்க காய்க்கு ஈடாகுமா? அதுலயும் இப்பல்லாம் மண்ணு, காம்பு ஒண்ணும் இல்லாம எல்லாம் ஒரே அளவா வச்சிருக்கீக."

அந்தப் பாராட்டு வெள்ளைத்தாயின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எனக்குக் காய் கொண்டாந்து போடுற கான்சாபுரத்துக் காளிராஜ் டெம்போவ நிறுத்திட்டான், தெரியுமா? இந்தக் கடைக் கம்பெனி வண்டி அவன் தோட்டத்துக்கே வந்து நல்ல காய அள்ளிட்டுப் போயிருதாம். கழிச்சுப் போட்டது மாட்டுக்குப் போகுதாம்."

"கழிச்சதயாவது ஒங்களுக்குக் குடுக்கலாம்லக்கா?"

"அவன் பாடு அவனுக்கு. எங்கள மாதிரி ஆளுங்களுக்காகத் தனியா ஒரு வண்டி ஓட்ட முடியுமா?" சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

ஜெயசித்ரா கூடையைத் தக்காளிக் குவியலின்மேல் சாய்க்கப் போனாள். "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேங்க்கா. எம்புட்டு வெல சொன்னாலும் ஒங்ககிட்டதான்."

வெள்ளைத்தாய் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"கொட்டிராத தாயி. ஆளுக்கு ரெண்டு கிலோதான் குடுக்காவ. பில்லு போட்டு எங்கிட்ட குடு, கடைக்குச் சரக்கு பத்தல."