குருவிக்கு ஒரு பிடி

‘வேண்டும்’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டார்.

பிறகு அதை அடித்தார்.

‘வேண்டாம்’ என்ற கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டது கை.

ஊராட்சி மன்றக் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் வேளாண் அலுவலரின் தலைக்கு மேலேதான் சுற்றியது. மற்றவர்கள் ஆளுக்கொரு தாளை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கருத்து எழுதக் கொடுத்த தாள்.

கேள்வி சின்னதுதான். மக்காச்சோள விதையில் பூசி வரும் பூச்சிமருந்தைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா?

நாற்பது வருட விவசாயத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டதுதான் கேட்டார்கள், இதைப் போயா கேட்க வேண்டும்?

பக்கத்தில் பெண்டாட்டி. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் தாளையும் அவர்தான் நிரப்ப வேண்டும்.

“நல்லா ரோசன பண்ணிப் போடுங்க” என்றாள்.

யோசனையைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மருந்து பூசாத விதையைப் போட்டார். படைப்புழு குருத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மூன்று ஏக்கரில் மாட்டுக்குத் தட்டைதான் மிஞ்சியது. போன வருடம் மருந்து பூசிய சிவப்பு விதை. பயிர் கருகருவென்று வந்தது. அப்படிப்பட்ட மருந்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

ஆனால் மயில் செத்தது.

நான்கு மயில்.

விதைத்து முடித்தால் கடைசிப் பிடி விதையை வரப்பில் வீசுவார்கள். குருவிக்கு ஒரு பிடி என்று அதற்குப் பேர். குருவி என்றால் பறக்கிற எல்லாமும்தான். பங்கைக் கொடுத்துவிட்டால் அதுகள் மண்ணைக் கிளறாது என்று ஒரு நம்பிக்கை. வீட்டுப் பெண்தான் வீச வேண்டும்.

வாக்கப்பட்டு வந்த வருடத்திலிருந்து அவள்தான் வீசுகிறாள். பேருக்குத்தான் ஒரு பிடி. அவள் இரண்டு கையாலும் அள்ளுவாள். போன வருடமும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பு நெடுக வீசினாள். வந்து தின்னுட்டுப் போங்கடி என்று கூப்பிடக்கூடச் செய்தாள்.

சிவப்பு விதையை.

மறுநாள் காலையில் அவர்தான் போய்ப் பார்த்தார். ஓர் ஆண், மூன்று பெட்டை. வேலிக்கருவை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார். மண்ணைத் தள்ளும்போது அழுகை வந்தது. பயமும் வந்தது. மயில் செத்தால் வனத்துறை சும்மா விடாது, ஜெயில் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் அவள் வாசலிலேயே கேட்டாள்.

“தின்னுச்சுங்களா?”

“சுத்தமாத் தின்னுடுச்சு.”

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாக வைத்தாள். அவர் அதையும் தின்றார்.

இப்போது யாரைக் குற்றம் சொல்வது?

மண்ணுக்குள் போன விதை எந்தப் பறவையையும் தொடவில்லை. விஷம், மூடி விதைக்கவும் என்று பையிலேயே போட்டிருந்தான். அவர் படித்தார். கடைக்காரரும் படித்துப் படித்துச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அப்படியானால் தப்பு மருந்தின் மேலா, தன் மேலா? தடை போட்டால் புழு தின்னும். போடாவிட்டால் அடுத்த வாரம் விதைப்புக்கும் அதே சிவப்பு விதைதான். அவள் வீசுவாள். வீசாதே என்றால் ஏன் என்பாள்.

ஒரு மண்ணும் விளங்கவில்லை அவருக்கு.

“எழுதத் தெரியாதவங்க வாயால சொல்லலாம்” என்றார் அலுவலர். சின்ன வயதுப் பெண். கையில் நோட்டோடு வரிசையாக வந்தவர் இவர்கள் முன்னால் நின்றார். “அம்மா, நீங்க சொல்லுங்க.”

புருஷன் தடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“நல்ல மருந்துதாங்க. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. வருசா வருசம் குருவிக்கு ஒரு பிடி வீசுவேன். போன வருசம் அந்தச் செவப்பு வெதையத்தான் வீசுனேன். ஒண்ணு மிச்சம் வைக்காமத் தின்னுட்டுப் போயிருக்குதுங்க.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“அந்த வெதையவா வீசுனீங்க?”

“ஆமாங்க. அதுகளுக்குன்னு மட்டமானதையா குடுக்க முடியும்?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அடங்கியது. அலுவலர் இப்போது அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார்.

“ஐயா, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பறவைங்க வந்துச்சா?”

எழுந்தார். வந்தது என்று சொல்லத்தான் எழுந்தார், சத்தியமாக. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“இந்த வருசம் குருவிக்கு வேற சோளம் வாங்கிக்கலாம்.”

“ஏன், அது...” என்று ஆரம்பித்தாள்.

முடிக்கவில்லை.

அவர் முகத்தையே பார்த்தாள்.

“எத்தன?” என்றாள்.

தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.